இருட்டில் யானையைக் காட்டும் கேமரா: தெர்மல் கருவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இரவு பயம் என்னவென்று தெரியும். மூன்று மணிக்கு மும்முனை மின்சாரம் வரும், மோட்டார் போடப் போக வேண்டும். வாழைத்தோட்டத்துக்குள் யானை நின்றால் இருபது அடி தூரத்தில் கூடத் தெரியாது. அவ்வளவு பெரிய உருவம் அவ்வளவு சத்தமில்லாமல் நிற்கும். அதனால்தான் இந்தப் பக்கத்து விவசாயிகளும் காட்டோரம் குடியிருப்பவர்களும் இப்போது தெர்மல் கேமரா பற்றி விசாரிக்கிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தெர்மல் கேமரா உண்மையில் எதைப் பார்க்கிறது?

வெப்பத்தை. இன்னும் சரியாகச் சொன்னால், பொருள்கள் தாமாகவே வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களை.

1800-இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானிதான் அதிகமாக ஏறியது. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

நம் கண் பார்க்கும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர். நம் உடம்பு, மாட்டின் உடம்பு, யானையின் உடம்பு எல்லாம் வெளியிடும் கதிர் 9 முதல் 10 மைக்ரோமீட்டர் பக்கத்தில் உச்சம் தொடுகிறது. நல்லவேளையாக 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள கதிர்களைக் காற்று பெரிதாக மறிப்பதில்லை. வெளியில் பயன்படுத்தும் தெர்மல் கருவிகளில் பெரும்பாலானவை இந்த ஜன்னல் வழியாகத்தான் பார்க்கின்றன.

இதில் வெளிச்சத்துக்கு வேலையே இல்லை. அமாவாசையும் பௌர்ணமியும் அதற்கு ஒன்றுதான்.

உள்ளே என்ன இருக்கிறது? ஏன் இவ்வளவு விலை?

முதலில் லென்ஸ். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிர்களை உள்ளே விடாது, சுவர் மாதிரி மறித்துவிடும். அதனால் ஜெர்மானியம் என்ற தனிமத்தில் லென்ஸ் செய்கிறார்கள். பார்க்க சாம்பல் நிற உலோகத் துண்டு போல, நம் கண்ணுக்கு ஒளியே புகாததாக இருக்கும். வெப்பக் கதிருக்கோ அது தெளிந்த கண்ணாடி. ஜெர்மானியம் மலிவான பொருள் அல்ல. அதை அதிகம் உற்பத்தி செய்யும் சீனா 2023 ஆகஸ்ட் முதல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் விலையைப் பாதித்தது.

அடுத்து உணரி. இதன் பெயர் மைக்ரோபோலோமீட்டர். ஒரு சில்லில் பல்லாயிரக்கணக்கான மிகச் சிறிய தகடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பிக்சல். இன்றைய கருவிகளில் ஒரு பிக்சல் பெரும்பாலும் 12 மைக்ரோமீட்டர் அகலம், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஐந்தாறு பிக்சல்கள் அடங்கிவிடும். ஒவ்வொரு தகடும் இரண்டு மெல்லிய கால்களில் காற்றில்லாத வெற்றிடத்தில் நிற்கிறது, பக்கத்துத் தகட்டுக்கு வெப்பம் கடந்துவிடக் கூடாது என்பதற்காக. தகட்டின் மேல் வெனடியம் ஆக்சைடு அல்லது படிகமற்ற சிலிக்கான் பூச்சு இருக்கும். வெப்பக் கதிர் விழுந்தால் தகடு துளி சூடாகும், பூச்சின் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளந்து படமாக்குகிறார்கள்.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட உணரியைக் கடுங்குளிரில் வைத்தால்தான் வேலை செய்யும், அதற்குத் தனிக் குளிரூட்டி வேண்டும். அமெரிக்க ராணுவத்தின் பணத்தில் ஹனிவெல் நிறுவனம் 1980-களில் குளிரூட்டி தேவைப்படாத இந்த வகையை உருவாக்கியது. 1990-களில் அது ராணுவ ரகசியத்திலிருந்து வெளியே வந்தது. கையில் பிடித்துப் பார்க்கும் அளவுக்குக் கருவி சுருங்கியது அதனால்தான்.

நடுவில் "டிக்" என்று சத்தம் வந்து படம் ஒரு கணம் நின்றுவிடுகிறது. பழுதா?

இல்லை. உணரியின் பிக்சல்கள் நேரம் ஆக ஆக ஒன்றுக்கொன்று சற்று மாறுபடத் தொடங்கும், படத்தில் கோடுகளும் கறைகளும் வரும். உள்ளே ஒரு சிறிய மூடி வந்து உணரியை மறைக்கிறது. "இப்போது எல்லாரும் ஒரே வெப்பத்தைப் பார்க்கிறீர்கள், சமப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று பிக்சல்களுக்குச் சொல்வது போல. பிறகு மூடி விலகும். அந்தச் சத்தம்தான் டிக்.

நைட் விஷனும் இதுவும் ஒன்றுதானே?

இரண்டும் வேறு. நைட் விஷன் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தை, நிலா, நட்சத்திர வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. வெளிச்சமே இல்லையென்றால் தானே ஒரு அகச்சிவப்பு விளக்கை அடிக்க வேண்டும். சிசிடிவி கேமராக்கள் இரவில் கறுப்பு வெள்ளையாகக் காட்டுவதும் அந்த முறைதான். அதில் முகம், எழுத்து, வண்டி எண் எல்லாம் தெரியும். ஆனால் புதருக்கு முன்னால் அசையாமல் நிற்கும் சாம்பல் நிற யானை, புதரோடு புதராகக் கலந்துவிடும்.

தெர்மலில் முகம் தெரியாது, எழுத்து தெரியாது. ஆனால் குளிர்ந்த புதருக்கு முன்னால் சூடான உடம்பு விளக்குப் போட்டது போலத் தெரியும். அங்கே ஏதாவது இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத் தெர்மல், இருப்பது யார் என்று அடையாளம் காண நைட் விஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டக்காரருக்கு முதல் கேள்விதான் உயிர் பிரச்சினை.

இன்னொன்று. தெர்மல் கருவி எந்தக் கதிரையும் வெளியே அனுப்புவதில்லை, வருவதை மட்டும் வாங்கிக்கொள்கிறது. விலங்குக்கு அதனால் தொந்தரவு இல்லை, நமக்கும் உடம்புக்குக் கெடுதல் இல்லை.

சுவருக்குப் பின்னால், தண்ணீருக்குள், புதருக்குள் பார்க்க முடியுமா?

சுவருக்குப் பின்னால் முடியாது. வீட்டு ஜன்னல் கண்ணாடி வழியாகக்கூட முடியாது. கண்ணாடியில் உங்கள் சொந்த உருவத்தின் வெப்பம்தான் பிரதிபலித்துத் தெரியும். அதனால் ஜீப்புக்குள்ளிருந்து பார்ப்பவர்கள் கண்ணாடியை இறக்கியே ஆக வேண்டும். தண்ணீரும் அப்படித்தான், மேற்பரப்பு மட்டுமே தெரியும். ஆற்றில் தத்தளிப்பவரின் தலை தெரியும், முழுகிவிட்டால் தெரியாது.

புதர் விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இலை மெல்லியதாக இருந்தாலும் வெப்பக் கதிரை மறைக்கும். இலைகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சப் பொட்டுகள் தெரிந்தால் உண்டு. உண்ணிச்செடி அடர்ந்து மண்டிய இடத்தில் முழு யானையே நின்றாலும் திரையில் ஒன்றும் வராமல் போகலாம். திரையில் எதுவும் தெரியவில்லை என்றால் அங்கே எதுவும் இல்லை என்று அர்த்தம் இல்லை. இந்த ஒன்றை மட்டும் மறந்துவிட்டுக் கருவியை நம்பி நடந்தவர், கருவி இல்லாதவரைவிட அதிக ஆபத்தில் இருக்கிறார்.

பாம்பு தெரியுமா?

இதைக் கேட்காத ஆளில்லை. நம்பாதீர்கள் என்பதே என் பதில். பாம்பு தன் உடம்பில் பெரிதாக வெப்பத்தை உற்பத்தி செய்வதில்லை, தரை என்ன சூட்டில் இருக்கிறதோ அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். தெர்மல் கேமரா காட்டுவது வெப்ப வேறுபாட்டை. வேறுபாடு இல்லையென்றால் படமும் இல்லை. சூடான தார் ரோட்டிலிருந்து குளிர்ந்த புல்லுக்கு இப்போதுதான் வந்த பாம்பு சில நிமிடம் தெரியலாம். வரப்பில் வெகுநேரமாகச் சுருண்டு கிடக்கும் கண்ணாடிவிரியன் தெரியாது. பாம்புக்கு டார்ச் லைட்டும் முழங்கால் வரை பூட்ஸும்தான்.

பாம்பிலேயே வெப்பத்தைப் பார்க்கும் இனம் இருப்பதும் இங்கே சொல்ல வேண்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் குழிவிரியன்களுக்குக் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவில் ஒரு குழி உண்டு. அதில் ஒரு மெல்லிய சவ்வு, எலியின் உடல் வெப்பத்தை இருட்டிலேயே உணர்ந்துவிடும். மைக்ரோபோலோமீட்டரின் தகடு வெற்றிடத்தில் நிற்பது போல, இது காற்றில் தொங்கும் மெல்லிய தகடு! கண்ணாடிவிரியனுக்கு அந்தக் குழி கிடையாது.

யானை எப்படித் தெரியும்?

முதல் முறை பார்ப்பவர்கள் ஏமாந்துவிடுவார்கள். கொழுந்துவிட்டு எரிவது போலத் தெரியும் என்று நினைப்பார்கள். யானையின் தோல் தடிமனானது. பகல் முழுக்க உடம்பில் சேர்ந்த வெப்பத்தை இரவில் அது மெதுவாக வெளிவிடும். சேற்றில் புரண்டு வந்த யானையாக இருந்தால் தோல் ஈரத்தில் குளிர்ந்து, பின்னணியை விடக் கொஞ்சமே பிரகாசமாக இருக்கும். காதுகள் தனிக்கதை. ரத்த நாளங்கள் நிறைந்த மெல்லிய காதுகளை அசைத்துத்தான் யானை சூட்டை வெளியேற்றுகிறது. அதற்கேற்பக் காது சில நேரம் உடம்பைவிட வெளிச்சமாகவும் சில நேரம் இருட்டாகவும் தெரியும். பழகிய பிறகு, அந்தக் காது ஆட்டத்தை வைத்தே யானை என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் போலிகள். சாயங்காலம் ஏழு எட்டு மணிக்குப் பாறைகள் எல்லாம் யானை மாதிரிதான் தெரியும், பகல் வெயிலை வாங்கி வைத்திருப்பதால். தண்ணீர்த் தொட்டி விடியும்வரை பளிச்சென்று இருக்கும். அசைவு இருக்கிறதா என்று ஒரு நிமிடமாவது நின்று பாருங்கள். தோட்டத்தைப் பகலிலும் முன்னிரவிலும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, எந்தப் பாறை எங்கே எப்படித் தெரிகிறது என்று மனதில் பதித்து வைப்பது நல்லது.

எந்த நேரத்தில் நன்றாக வேலை செய்யும்?

விடியலுக்கு முந்திய இரண்டு மூன்று மணி நேரம். தரை, பாறை, மரம் எல்லாம் குளிர்ந்துவிடும், உயிருள்ளவை மட்டும் சூடாக இருக்கும். காலையில் வெயில் ஏறும்போதும் மாலையில் இறங்கும்போதும் தரையின் சூடும் உடம்பின் சூடும் ஒன்றையொன்று கடக்கும் நேரம் வரும். அப்போது உருவம் கரைந்துவிடும். சித்திரை மாத மதியத்தில் பாறை நம் உடம்பைவிடச் சூடாக இருக்கும். அதன் முன்னால் நிற்கும் ஆள் கறுப்பாகத் தெரிவார், அல்லது தெரியவே மாட்டார்.

கனமழையில் தூரம் வெகுவாகக் குறையும். மழைத்துளிகள் கதிரை விழுங்குவது ஒன்று, எல்லாம் நனைந்து ஒரே வெப்பத்துக்கு வருவது இன்னொன்று. லேசான மூடுபனியில் கண்ணைவிடக் கருவி நன்றாகப் பார்க்கும். வால்பாறையில் இறங்குவது போன்ற அடர்ந்த பனிமூட்டத்தில் அதுவும் கைவிரித்துவிடும்.

பெட்டியில் "1 கி.மீ." என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?

அது பொய்யில்லை, ஆனால் நீங்கள் நினைக்கும் அர்த்தத்தில் இல்லை. 1958-இல் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் என்பவர் ஒரு அளவுகோல் வகுத்தார். ஏதோ இருக்கிறது என்று தெரிய உருவத்தின் மேல் ஏறக்குறைய 2 பிக்சல் விழுந்தால் போதும். ஆளா மாடா என்று பிரித்தறிய 6 முதல் 8 வேண்டும். இன்னும் தெளிவாக அடையாளம் காண 12-க்கு மேல் வேண்டும். பெட்டியில் போடுவது பெரும்பாலும் முதல் கணக்கு.

நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 மைக்ரோமீட்டர் பிக்சல், 19 மி.மீ. லென்ஸ் உள்ள கருவியில் ஒரு பிக்சல் 100 மீட்டர் தூரத்தில் சுமார் 6 செ.மீ. அகலத்தைப் பார்க்கிறது. 300 மீட்டரில் 19 செ.மீ. 1 கி.மீ.-இல் 63 செ.மீ. இரண்டரை மீட்டர் உயர யானை 1 கி.மீ. தூரத்தில் நாலு பிக்சல் உயரம்தான், ஒரு வெளிச்சப் பொட்டு. அதே யானை 300 மீட்டரில் 13 பிக்சல், தும்பிக்கையும் காதும் புரியத் தொடங்கும். மனிதர் என்றால் 300 மீட்டரில் ஒன்பது பிக்சல் உயரம், அகலத்தில் இரண்டு மூன்றுதான்.

பெரிய லென்ஸ் வாங்கினால் தூரம் கூடும், ஆனால் பார்க்கும் அகலம் குறையும். 384 பிக்சல் அகல உணரியில் 19 மி.மீ. லென்ஸ் போட்டால் 100 மீட்டரில் 24 மீட்டர் அகலம் தெரியும், 35 மி.மீ. போட்டால் 13 மீட்டர்தான். தோட்டத்துக்குச் சின்ன லென்ஸ்தான் நல்லது என்பது என் கருத்து. பக்கத்தில் நிற்பதைத் தவறவிடாமல் இருப்பதே நமக்கு முக்கியம்.

வாங்கும்போது வேறு எதைப் பார்க்க வேண்டும்?

உணரியின் நுணுக்கம். மில்லிகெல்வின் கணக்கில் போட்டிருப்பார்கள். 40 மில்லிகெல்வின் என்றால் 0.04 டிகிரி வித்தியாசத்தைக்கூட உணரும் என்று பொருள். எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, குறிப்பாக மழைக்காலத்தில். அடுத்தது, ஒரு நொடிக்கு எத்தனை படம் என்பது. 9 படம் மட்டும் எடுக்கும் கருவிகள் மலிவு. வேகமான கருவிகளுக்குச் சில நாடுகளில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு கடுமை என்பதால் அந்த 9 என்ற எண் வந்தது. நின்று பார்க்க அது போதும், நடந்துகொண்டே பார்த்தால் படம் திக்கும். 25-க்கு மேல் இருந்தால் நல்லது.

மொபைலில் செருகும் சிறிய கேமரா வீட்டு மின்பலகையில் சூடாகும் இணைப்பைக் கண்டுபிடிக்க அருமையானது. காட்டோரத்துக்குப் போதாது.

வனத்துறை இதை எப்படிப் பயன்படுத்துகிறது?

நமக்குப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கோவைக்கு அருகே எட்டிமடைக்கும் வாளையாருக்கும் நடுவில் ரயில் பாதை காட்டுக்குள் போகிறது. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அந்தச் செய்தியைப் படித்த நாளை என்னால் மறக்க முடியவில்லை. 2024 பிப்ரவரியில் மதுக்கரைப் பகுதியில் இந்தத் தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்கள் அமைத்து, தெர்மல் கேமராக்களையும் சாதாரணக் கேமராக்களையும் பொருத்தினார்கள். வரும் படத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் பார்த்து, யானை என்று கண்டால் கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை கொடுக்கும். அங்கிருந்து வனப் பணியாளர்களுக்கும் ரயில்வேக்கும் தகவல் போகும், ரயிலின் வேகம் குறைக்கப்படும்.

கருவி பார்த்தவுடன் ஒரு மனிதர் ஓடி வர வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இரவெல்லாம் அந்தப் பாதையில் நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும், எச்சரிக்கை கேட்டு வேகத்தைக் குறைக்கும் ரயில் ஓட்டுநர்களும் இல்லாமல் அந்தக் கோபுரங்கள் ஒரு யானையைக்கூடக் காப்பாற்றியிருக்காது.

காட்டுத்தீயில் உதவுமா?

நன்றாக உதவும். புகையின் துகள்கள் மிகச் சிறியவை, நீண்ட அலைநீளக் கதிர் அவற்றை ஊடுருவி வந்துவிடும். அதனால் கண்ணை மறைக்கும் புகைக்குப் பின்னால் தீ எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கலாம். தீ அணைந்த பிறகுதான் இன்னும் பெரிய உபயோகம். மரத்தின் வேருக்குள்ளும் கட்டைக்குள்ளும் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பு வெளியில் தெரியாது, மறுநாள் காற்றடித்ததும் பிடித்துக்கொள்ளும். தெர்மலில் அது தனியாகத் தெரியும்.

இதே தத்துவம் செயற்கைக்கோளிலும் இருக்கிறது. மோடிஸ் கருவி 1 கி.மீ. அளவிலும் விர்ஸ் கருவி 375 மீட்டர் அளவிலும் தீப்பிடித்த இடங்களைக் கண்டுபிடிக்கின்றன. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் (Forest Survey of India) அந்தத் தகவலை எச்சரிக்கையாக அனுப்புகிறது, பதிவு செய்துகொண்டால் யாருக்கும் குறுஞ்செய்தி வரும். ஆனால் செயற்கைக்கோள் நாளில் சில தடவைதான் ஒரு இடத்தைக் கடக்கும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்தது போன்ற நேரத்தில், பக்கத்தில் இருந்து பார்க்கும் கண்தான் வேண்டும்.

வேறு எங்கெல்லாம் பயன்படுகிறது?

எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியில் நடப்பது. மே, ஜூன் மாதங்களில் அங்கே புல்வெளிகளை அறுவடை இயந்திரம் கொண்டு வெட்டுவார்கள். அதே நேரத்தில்தான் மான் குட்டிகள் பிறந்திருக்கும். ஆபத்து வந்தால் ஓடாமல், தரையோடு ஒட்டிப் படுத்துவிடுவது அந்தக் குட்டிகளின் இயல்பு. நரியிடமிருந்து அது காப்பாற்றும், இயந்திரத்திடமிருந்து காப்பாற்றாது. விடிவதற்கு முன், புல் குளிர்ந்திருக்கும்போது, தன்னார்வலர்கள் தெர்மல் ட்ரோன் பறக்கவிட்டு ஒவ்வொரு குட்டியாகக் கண்டுபிடித்து, கையில் புல்லை வைத்துத் தூக்கி ஓரமாக வைக்கிறார்கள். மனித வாடை படக்கூடாது என்பதற்காகத்தான் புல்.

மற்றபடி சூரிய மின்பலகைகளில் பழுதான கட்டம் மட்டும் சூடாகும், மின்கம்பத்தில் தளர்ந்த இணைப்பு சூடாகும், இரண்டையும் தூரத்திலிருந்தே பார்க்கலாம். கடலில் விழுந்தவரைத் தேட, காணாமல் போன மாட்டைத் தேட என்று நிறைய.

ட்ரோனில் மாட்டிப் பறக்கவிடலாமா? துப்பாக்கியில் பொருத்தும் வகை?

ட்ரோன் என்றால் 2021 ட்ரோன் விதிகள் பொருந்தும். பதிவு, ஓட்டுநர் சான்று, எந்தப் பகுதியில் பறக்கலாம் என்ற வரைபடம் எல்லாம் பார்க்க வேண்டும். காப்புக்காட்டின் மேல் வனத்துறை அனுமதி இல்லாமல் பறக்கவிடாதீர்கள். ட்ரோன் சத்தத்துக்கு மிரண்ட யானைக்கூட்டம் எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வெளிநாடுகளில் வேட்டைத் துப்பாக்கிக்கென்றே தெர்மல் வகை விற்கிறார்கள். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அந்த வகை பற்றி நான் ஆலோசனை சொல்வதில்லை.

பராமரிப்பு?

சூரியனை நோக்கிப் பிடிக்காதீர்கள், அணைத்து வைத்திருந்தாலும் மூடியைப் போட்டு வையுங்கள், உணரி கெட்டுவிடும். லென்ஸைச் சட்டையில் துடைக்க வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். திரை வெளிச்சத்தை மிகக் குறைத்து வைத்து ஒரே கண்ணால் பாருங்கள். பார்த்த கண்ணுக்குச் சில நிமிடம் இருட்டில் எதுவும் தெரியாது, மற்றக் கண் உங்களுக்கு வேண்டும்.

சரி, திரையில் யானை தெரிந்துவிட்டது. அடுத்து என்ன செய்வது?

உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். மோட்டார் பிறகு போட்டுக்கொள்ளலாம். வனச்சரக அலுவலக எண்ணை முன்பே சுவரில் எழுதி வைத்து, உடனே கூப்பிட்டு எத்தனை யானை, எந்தப் பக்கம் நகர்கிறது, குட்டி இருக்கிறதா என்று சொல்லுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கும் ஃபோன் போடுங்கள், யாராவது வெளியே வந்துகொண்டிருக்கலாம். பட்டாசு, டார்ச், கல் எதுவும் வேண்டாம். படம் எடுக்க நெருங்க வேண்டாம். யானை போய்விட்டது போலத் தெரிந்தாலும், கடைசியாக அது மறைந்த பக்கத்தில் புதர் இருந்தால் வெளிச்சம் வரும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.